நாற்பது வயது வாக்கில் கைத்தொழிலுக்கு வந்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு நாளைச் சொல்லுங்கள்

வேளச்சேரி ஏசிக்காரன்

மூன்று வாரமாக அரித்துக்கொண்டிருக்கிறது, வீட்டில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே. 17 வருஷம் மெடிக்கல் ரெப். வேலை போனபோது வயது 42, பெரியவன் ஆறாவது, சின்னவள் இரண்டாவது. ஆறு மாத ஏசி கோர்ஸ், அப்புறம் ஒரு மெக்கானிக்கிடம் எடுபிடி, இப்போது தனியாகப் போகிறேன். இதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான், விடுங்கள்.

மூன்றாவது மாடி, ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, கூலிங்கே இல்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். அவுட்டோர் யூனிட் ஜன்னலுக்கு வெளியே. ஜன்னல் வழியாக இறங்கி சன்ஷேடில் குத்தவைத்து, கேஸ் பிரஷர் பார்க்கிற கேஜை மாட்டினேன். ஏசியைக் குளிர வைப்பது ஆர்-32 கேஸ், ஓடும்போது 120, 130 பிஎஸ்ஐ காட்ட வேண்டிய இடத்தில் முள் 70-ல் நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பையன் குரல். "அங்கிள், ஸ்போர்ட்ஸ் டேக்கு வந்தீங்களே, நீங்க அவன் அப்பாதானே?" என் மகன் பெயரைச் சொல்லிக் கேட்கிறான். அதே வகுப்பு. எனக்கு சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, கையெல்லாம் கரி. திரும்பாமலேயே "இல்ல தம்பி, நீ வேற யாரையோ நெனச்சிட்டுச் சொல்ற" என்றேன்.

அவன் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு உள்ளே போய் ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனான். நான் தண்ணீர் கேட்கவே இல்லை.

கேஸை ஏற்றினேன், காசை வாங்கினேன், பத்தே நிமிஷத்தில் கிளம்பிவிட்டேன். செய்யும் வேலையில் எனக்கு வெட்கம் கிடையாது, யார் கேட்டாலும் சொல்வேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பேட்டை அம்மா

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு அந்த டம்ளர்தான் கண்ணில் நிற்கிறது.

நான் தனியார் பள்ளியில் 14 வருஷம் ஆசிரியை. கணவருக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. 41 வயதில் திருநெல்வேலி பேட்டை ஐடிஐயில் ஃபிட்டர் சேர்ந்தேன். ஆண்களுக்கு 40 வரைதான், பெண்களுக்கு வயது வரம்பே இல்லை, இது பல பேருக்குத் தெரிவதில்லை. முதல் நாள் பையன்கள் எல்லாம் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். நானும் ஸ்டூடண்ட்தான்டா என்று சொல்லிப் புரிய வைக்க ஒரு வாரம் ஆனது.

விண்ணப்பத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து கேட்டிருந்தது. எனக்கு அம்மாதான் வந்து போட்டாள். 68 வயது, ஆயுளெல்லாம் பீடி சுற்றியவள். என் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள், எனக்கு என் அம்மா ரேஷன் கார்டோடு வந்து வரிசையில் நிற்கிறாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தெம்பு இல்லை.

முதல் இரண்டு மாதம் ஃபைலிங்தான். இரும்புத் துண்டை வைஸில் கட்டி அரத்தால் ராவிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் ட்ரை ஸ்கொயர் என்கிற மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம். பக்கத்தில் 17 வயதுப் பையன் மூன்றே நாளில் முடித்துவிட்டான், நான் பதினோராவது நாளும் ராவுகிறேன். அன்று ராத்திரி கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா என் உள்ளங்கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். தன் கையையும் பக்கத்தில் வைத்தாள். "பீடி இலை வெட்டுற கத்திரியால எனக்கும் இந்த எடத்துலதான் காய்ச்சது" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் வெளிச்சம் தெரியவில்லை. சார் வாங்கிப் பார்த்துவிட்டு, சரி, அடுத்த பீஸ் எடுங்க என்றார். அந்தத் துண்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

மளிகைக்கடை விட்டவன்

வேளச்சேரிக்காரரே, நான் 38 வயதில் மளிகைக்கடையை மூடிவிட்டு ஏசிக்கு வந்தவன், இப்போது 52. என் அனுபவம் ரொம்பச் சின்னது. வந்த புதிதில் ஒரு இன்வெர்ட்டர் அவுட்டோரை மெயினை ஆஃப் பண்ணிய கையோடு திறந்து போர்டில் கையை வைத்துவிட்டேன். கரண்டைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி அப்படியே நின்றிருக்கிறது. மொட்டைமாடியில் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன், எப்படிப் போனேன் என்றே தெரியாது. அன்று சாயங்காலம் என் பிள்ளைக்குப் பிறந்தநாள், கேக் வெட்டும்போது என் கை நடுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது வேறு. 70 காட்டியது என்கிறீர்கள், கேஸ் ஏற்றினேன் என்கிறீர்கள். போன கேஸ் எங்கே போனது? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே. ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். முக்கால்வாசி நேரம் பைப்பை யூனிட்டோடு இணைக்கிற ஃப்ளேர் நட்டில்தான் இருக்கும், அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அதில் தூசி ஒட்டிக் கருப்பாக இருக்கும், கண்ணாலேயே தெரியும். சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, யூனிட் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் போட்டிருக்கிறதோ அதைத் தராசில் வைத்து ஏற்றுங்கள். ஆர்-32 ஒற்றை வாயு, அதனால் இருக்கிற கேஸுக்கு மேலே கொஞ்சம் ஏற்றினாலும் கலவை மாறாது. ஆர்-410ஏ கேஸ் இரண்டு வாயு சேர்ந்தது, அதில் இந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். பம்ப் எடுத்துப்போகச் சோம்பல்பட்டு அவுட்டோரில் இருக்கிற கேஸையே திறந்துவிட்டுப் பைப்பில் உள்ள காற்றை வெளியே தள்ளுகிற பையன்களைத் தினமும் பார்க்கிறேன். ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது, பக்கத்தில் பைப் பற்றவைக்கிற டார்ச் எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? மூன்றாவது மாடி சன்ஷேடில் கயிறும் பெல்ட்டும் இல்லாமல் இறங்கினீர்களா? அதையும் சொல்லவில்லை. உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா. அந்தக் காலத்து சன்ஷேடில் எத்தனை கம்பி துருப்பிடித்துப் போயிருக்கிறது என்று கட்டினவனுக்கே தெரியாது.

மகனிடம் இன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூட்டிப்போங்கள், கேஜைக் கையில் கொடுங்கள். பிள்ளைகள் தானாகப் புரிந்துகொள்வார்கள்.

கோவை மரவேலை

பிள்ளைகள் தானாகப் புரிந்துகொள்வார்கள் என்று அண்ணன் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

நான் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து, 40 வயதில் மாடுலர் கிச்சன் வேலைக்கு வந்தவன். டேபிள் சா என்கிற மரம் அறுக்கும் மெஷினில், பிளேடை மூடுகிற கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதுதான் பட்டறைப் பழக்கம், ப்ளைவுட் சீட் சீக்கிரம் போகும் என்று. எட்டாவது மாதம் இடது ஆட்காட்டி விரல் நுனி போய்விட்டது. வலி உடனே தெரியவில்லைங்க. சீட்டில் லேமினேட் மேல் சிவப்பாக என்ன கொட்டியிருக்கிறது என்றுதான் முதலில் யோசித்தேன்.

கம்பெனியில் இருந்தவரை இஎஸ்ஐ இருந்தது. வெளியே வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. செலவு முழுக்கக் கையிலிருந்து, நகை அடகுக்குப் போனது. தச்சர், பிளம்பர், எலக்ட்ரிசியன் எல்லோரும் 18 முதல் 60 வயதுக்குள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியலாம், விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு. இதைக் கூடவே வேலை பார்த்த ஒரு கொத்தனார் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தபோதுதான் சொன்னார். அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன், தொழில் மாறினால் முதல் வாரமே அந்தப் பதிவை முடித்துவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

மனதில் நிற்பது விரல் இல்லை. என் மகள் அப்போது யூகேஜி. ரோடு தாண்டும்போது எப்போதும் என் இடது கையின் அந்த ஒரு விரலைத்தான் பிடிப்பாள், சின்னக் கை, அதுதான் அவளுக்குக் கொள்ளும். கட்டுப் பிரித்த பிறகு முதல் தடவை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறேன், கையை நீட்டினேன். அவள் சுற்றி வந்து வலது பக்கம் நின்றுகொண்டாள். இப்போது மூன்றாவது படிக்கிறாள், இன்னும் வலது பக்கம்தான். இதில் அவளுக்குப் புரியாதது என்னங்க இருக்கிறது?

தொழிலை விடவில்லை. கார்டு இல்லாத மெஷினில் கை வைப்பதில்லை, அதனால் இரண்டு பட்டறையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மளிகைக்கடை விட்டவன்

தம்பி, அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மன்னிக்கணும்.

ஸ்கார்பரோ அப்பா

நான் யாழ்ப்பாணம், கொழும்பில் வங்கியில் இருந்தனான். இங்கை கனடா வந்து கன காலம் களஞ்சிய வேலை, பிறகு 39 வயதில் எலக்ட்ரிசியன் அப்ரன்டிஸ். ஒன்டாரியோவில் இந்தத் தொழிலை 309ஏ எண்டு சொல்லுவினம், 9,000 மணித்தியாலம், கிட்டத்தட்ட ஐந்து வருசம், அதுக்குள்ளை மூன்று தரம் வகுப்புக்குப் போகவேணும். முதல் வருசம் சம்பளம் தேர்ந்தவரின்டை அரைவாசி கூட வராது. மனுசி இரவு வேலைக்குப் போய்த்தான் வீட்டு வாடகை கட்டினது, அதை மறைக்க மாட்டன்.

வேலை பழக்கின பெடியனுக்கு 24 வயசு. புது வீடு, தை மாதம், ஹீட்டர் இன்னும் பூட்டவில்லை, கையுறையோடை வயரை உரிக்கேலாது, கழற்றினால் விரல் விறைக்குது. சுவரிலை பூட்டுற ஒவ்வொரு வயர் பெட்டியிலும் குறைஞ்சது 150 மில்லிமீற்றர் வயர் மிச்சம் விடவேணும், சட்டப் புத்தகத்தில் இருக்கு. நான் குளிரிலை அவசரப்பட்டுக் குறைச்சு வெட்டிப்போட்டன். ஒண்டு ரெண்டில்லை, பதினொரு பெட்டி. பெடியன் எல்லாருக்கும் முன்னாலை கத்தினான். இரண்டு பிள்ளையின்டை தகப்பன், வங்கியில் எனக்குக் கீழை ஆறு பேர் இருந்தவை, நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறன். இரவு பத்து மணி வரைக்கும் நிண்டு பதினொரு பெட்டிக்கும் புது வயர் இழுத்தனான்.

அடுத்த நாள் காலமை என்ரை குறட்டைக் காணேல்லை. தேடிக்கொண்டு நிக்க அவன் வந்து தந்தான். நுனியில் இருந்து ஆறு அங்குலம், அதுதான் அந்த 150 மில்லிமீற்றர், அளந்து, அந்த இடத்தில் பிடியைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. வெட்ட முன்னம் வயருக்குப் பக்கத்தில் குறட்டை வைச்சுப் பார்த்தால் சரி. ஒண்டும் கதைக்காமல் வாகனத்திலை ஏறிப் போயிட்டான். இப்ப எனக்கு லைசென்ஸ் இருக்கு, எனக்குக் கீழை ஒரு பெடியன் பழகிறான். டேப் நாலைஞ்சு தரம் மாத்தியாச்சு.

பேட்டை அம்மா, உங்கடை தாயாருக்கு என்ரை வணக்கத்தைச் சொல்லுங்கோ.

வேளச்சேரி ஏசிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மளிகைக்கடை அண்ணன் கேட்டதற்கு இரண்டு நாளாகப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். பெல்ட் போட்டிருந்தேன். கசிவு பார்க்கவில்லை. ஃப்ளேர் நட் கருத்திருந்தது என் கண்ணில் பட்டது அண்ணே. நுரை வைக்கிற பாட்டில் பையில்தான் இருந்தது. இன்னும் அரை மணி நேரம் அந்த ஜன்னல் பக்கம் உட்கார முடியாது என்றுதான் மேலே மேலே கேஸை ஏற்றிவிட்டு வந்தேன். அந்த வீட்டுக்கு அநியாயம் பண்ணிவிட்டேன்.

நேற்று அந்த வீட்டு அம்மா போன் செய்தார்கள். திரும்பவும் கூலிங் இல்லையாம். கோபமாகக்கூடப் பேசவில்லை. சனிக்கிழமை காலை வருகிறேன், காசு வேண்டாம், என் வேலையில்தான் குறை என்று சொன்னேன். சனிக்கிழமை ஸ்கூல் லீவு. நைட்ரஜன் சிலிண்டரை வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மகனிடம் ராத்திரி சாப்பிடும்போது அந்தப் பையன் பெயரைச் சொல்லி, அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டேன்.

"நல்லவன்ப்பா. ஏன்?" என்றான்.