குறைந்த செலவில் சத்துணவுப் பொட்டலம், நம் ஊரிலேயே கட்ட முடியுமா?

மன்னார்குடிக்காரன்:
வணக்கம். மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் இரண்டு முறை சாப்பாடு போடுகிறோம். எப்போதும் சாம்பார் சாதம், தயிர் சாதம்தான். போன வாரம் ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தேன், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கிறது, கை குச்சி மாதிரி. அவன் தாத்தா நெல் மூட்டை தூக்குகிறவர். மனசே ஆறவில்லை. அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய 'ஃபீட் மை ஸ்டார்விங் சில்ட்ரன்' என்ற தொண்டு நிறுவனம் அரிசி, சோயா, உலர்ந்த காய்கறி, வைட்டமின் பொடி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, தன்னார்வலர்களை வைத்தே கட்டி, பஞ்சம் உள்ள நாடுகளுக்கு அனுப்புகிறது. தண்ணீரில் வேகவைத்தால் ஒரு பை ஆறு பேருக்கு வரும். இதை நாமே செய்யலாமா?

நீடாமங்கலம் அக்கா:
தம்பி, பொட்டலம் அப்புறம். முதலில் அந்தப் பிள்ளையை அங்கன்வாடிக்குக் கூட்டிப்போய் எடை போட்டு, மேல்கையை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலோ, காலில் வீக்கம் இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிதான், நம் கஞ்சியெல்லாம் அதற்குப் பத்தாது. அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவு அந்த வீட்டில் பிள்ளைக்குப் போகிறதா, பெரியவர்கள் கரைத்துக் குடித்துவிடுகிறார்களா என்றும் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள், பசித்த வீட்டில் அது நடக்கும்.

நாங்கள் குழுவில் மாவு அரைத்தவர்கள். பயறை வாசனை வரும்வரை வறுத்து, அரைத்த மாவைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிட வேண்டும். ஒருமுறை அவசரப்பட்டுச் சூட்டோடு கட்டிவிட்டோம், பைக்குள் வியர்த்து நாலே நாளில் பூஞ்சை. அத்தனையும் குப்பைக்குப் போனது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தஞ்சை உணவுத்துறை:
சோயாவை எதற்குச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். அரிசியில் 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம்தான், உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத 'லைசின்' என்ற புரதக் கூறும் குறைவு. பருப்பு வகையில் லைசின் நிறைய. அந்தக் குறையை நிரப்பத்தான் சோயா, அந்த வேலையை நம் பச்சைப்பயறும் செய்யும், 100 கிராமில் கிட்டத்தட்ட 24 கிராம் புரதம். எனவே காசை அரிசியில் போடாதீர்கள், அரிசி ரேஷனில் வருகிறது. பயறு, நிலக்கடலை, எண்ணெயில் போடுங்கள்.

நிலக்கடலையில் மட்டும் கவனம். கருத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எதுவும் கூடாது, பூஞ்சை உண்டாக்குகிற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கடும் ஊட்டக்குறைவுக்கு 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி தருகிற 'பிளம்பி நட்' என்ற கடலை விழுது இருக்கிறது. தண்ணீரே சேராததால் கிருமி எளிதில் வளராது, அடுப்பும் வேண்டாம். ஆனால் அது மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது, வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. உங்கள் மாவைச் சோதிக்க வேண்டுமென்றால் தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் போய் விசாரியுங்கள்.

வலங்கைமான் விவசாயி:
பயறுக்கு எதற்குக் கடைக்குப் போகிறீர்கள்? சம்பா அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நெல் நிற்கிற ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர் நம்முடையது. அறுப்பு மெஷின் மிதித்ததில் கொஞ்சம் போகும், மிச்சம் பனியிலேயே வந்துவிடும். பங்குனி, சித்திரையில் களத்துக்கே வந்து கேளுங்கள். என் பங்கு ஒரு மூட்டை பயறு.

மன்னார்குடிக்காரன்:
அக்கா, நேற்று அளந்தோம், 11.2. திருவாரூரில் சேர்த்திருக்கிறோம், அம்மா கூட இருக்கிறார். வேலைக்குப் போக முடியாமல் அவர் இழக்கிற கூலிக்கு நாங்கள் ஈடு கட்டுகிறோம். விவசாயி அண்ணே, மூட்டையை எடுக்க எங்கே வரட்டும்? மாவு அரைக்கிற அன்றைக்கு அக்கா வந்து நின்றால் நல்லது, அந்த ஆறவைக்கிற விஷயத்தில் எங்களுக்குக் கை பழக வேண்டும்.