தராசில் 220 கிராம், மழையில் எவ்வளவு? குமரிச் சாலைகளுக்கு இலகு ஷூ எடுப்பது பற்றி

வடசேரி

பத்து கிலோமீட்டரிலிருந்து அரை மாரத்தானுக்கு ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது "எடை குறைஞ்ச ஷூ எது?" என்றுதான். மாடல் பெயர் சொல்லிப் பயனில்லை, அடுத்த வருடம் வேறு பெயரில் வேறு ஷூ வந்துவிடும். எதைப் பார்த்து எடுப்பது என்பதை, அவரவர் ஊர்ப் பெயரை மேலே போட்டு, பக்கத்துச் சாலையை வைத்துச் சொல்லுங்கள். மெடல் வாங்கிய கதை வேண்டாம், கணக்கும் காரணமும் போதும்.

முதல் கணக்கு இது. விளம்பரத்தில் போடும் எடை ஒரு கால் ஷூவுக்கு, பெரும்பாலும் ஆண்கள் யுகே 8 அளவுக்கு. உங்கள் கால் 10 என்றால் அதே மாடல் கூடுதலாகத்தான் நிற்கும். தினப் பயிற்சி ஷூ 250 முதல் 300 கிராம் வரும். 230-க்குக் கீழே போனால் இலகு வகை. பந்தய ஷூ பலவும் 180-லிருந்து 220-க்குள் இருக்கும். ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது. அப்படியானால் 280-லிருந்து 230-க்கு இறங்கினால் மிச்சம் அரை சதவீதம். இரண்டு மணி நேர ஓட்டத்தில் அதிகம் போனால் அரை நிமிடம். ஒரு கொப்புளம் வந்தால் அதைவிட அதிகம் போய்விடும்.

அந்த 50 கிராமை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். அடி ரப்பர், குதிகாலைப் பிடிக்கும் கெட்டி அட்டை, நாக்கின் பஞ்சு, நடு நுரை, இந்த நான்கில்தான் கை வைத்திருப்பார்கள். நாக்கு மெலிந்தால் லேஸ் பாதத்தின் மேல் அழுத்தும், கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் தீர்ந்தது. அடி ரப்பர் போய் நுரை நேராகத் தரையைத் தொட்டால் நம் ஜல்லிச் சாலைகளில் சீக்கிரம் தேய்ந்துவிடும். குதி அட்டை மெலிந்த ஷூவை வளைவும் இறக்கமும் இல்லாத பாதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தக்கலை

எடையைப் பார்க்கும் முன் காலை அளக்கணும். இதில் நடக்கிற தப்புதான் ஒருபாடு. சாயங்காலம் அளங்கள், பகல் முழுக்க நின்ற பாதம் சற்று உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். தரையில் தாளைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குதிகால் சுவரைத் தொட நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அதையும் கவனிக்கணும். பென்சில் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்த்தால் அளவு தப்பிவிடும். இரண்டு காலையும் அளந்து பெரியதைக் கணக்கில் எடுங்கள். கால் 26 செ.மீ. என்றால் பெட்டியில் 26.5 அல்லது 27 செ.மீ. என்று இருப்பதைப் போட்டுப் பாருங்கள். எழுந்து நின்ற நிலையில் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும்.

யுகே எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஆசிக்ஸ், நைக்கி இரண்டிலும் ஆண்கள் யுகே 8 என்பது 27 செ.மீ., அடிடாஸில் அதே யுகே 8 என்பது 26.5. பழைய ஷூவின் நாக்குக்குள் இருக்கும் செ.மீ. எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் கம்பெனி மாறினாலும் குழப்பம் வராது.

அகலம் இன்னொரு தலைவலி. சின்ன வயதிலிருந்து வெறுங்காலும் ரப்பர் செருப்புமாக வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். ஆண்களுக்கு வழக்கமான அகலம் டி, அகலமானது 2இ, பெண்களுக்கு வழக்கமானது பி, அகலமானது டி. கடையில் உள் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். அகலம் போதவில்லை என்று ஒரு நம்பர் நீளம் கூட்டி எடுப்பதுதான் எல்லாரும் செய்வது. அப்போது குதிகால் உள்ளே ஏறி இறங்கும், இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி நகம் கறுக்கும். அகலக்காலுள்ள பெண்கள் செ.மீ. பார்த்து ஆண்கள் மாடலை எடுப்பதில் ஒரு குறையும் இல்லை, நிறத்தைத்தான் பொறுத்துக்கொள்ளணும்.

குதி லேசாக மட்டும் நழுவினால் ஷூவை மாற்றுமுன் கடைசி ஓட்டையைப் பயன்படுத்துங்கள். மேல் ஓரத்தில் தனியாக ஒரு ஓட்டை இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. லேஸை அதே பக்கத்து ஓட்டைக்குள் விட்டுச் சின்ன வளையம் விடுங்கள். எதிர்ப் பக்கத்து முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதி அசையாது.

குலசேகரம்

மேலே சொன்ன 1 சதவீதக் கணக்கு சமதளத்துக்குச் சரி. அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் சானல் கரையில் ஓடுகிறவர்களுக்கு அது போதும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்தால் ஏற்றம் முடியும் இடத்தில் இறக்கம் தொடங்கும். பேச்சிப்பாறை, திற்பரப்பு, திருவட்டாறு எல்லாம் அப்படித்தான். இங்கே எடையைவிட அடிப்பாகம்தான் முதலில் பார்க்க வேண்டியது.

ரப்பர் ஷீட் அடிக்கிற ஊருக்கு ரப்பர் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் ஷூக்காரர்கள் இரண்டு விதம் வைத்திருக்கிறார்கள். காற்றுக் குமிழ் ஏற்றிய மென் ரப்பர் ஒன்று: எடை குறைவு, அமுங்கும், நல்ல பிடிப்பு, சீக்கிரம் தேயும். கார்பன் கலந்த கெட்டி ரப்பர் மற்றொன்று: கனம், நாள்பட உழைக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் மென்மையான வகை. குதியின் வெளி ஓரத்தில் கெட்டி ரப்பரும் முன்பாதத்தில் மென் ரப்பரும் வைத்த மாடல் இங்கே நன்றாக ஓடும்.

எஸ்டேட் செம்மண் பாதைக்கு அடி ரப்பரில் பள்ளம் 2 முதல் 3 மி.மீ. போதும். மலைப் பாதை ஷூ என்று 5 மி.மீ. பல் உள்ளதை வாங்கினால் மழையில் செம்மண் பல்லுக்குள் அப்பிக்கொள்ளும். பிறகு நீங்கள் தூக்குவது ஷூவை மட்டும் இல்லை, பாதித் தோட்டத்தையும்தான். பாசி பிடித்த கான்கிரீட்டில் எந்த ரப்பரும் நிற்காது, அங்கே நடந்துவிடுவதே மேல். மழையில் நனைந்த ரப்பர் மர இலைக் குவியலும் அப்படித்தான்.

உயரமான, மெத்து மெத்தென்ற நுரைக்கும் ஒரு எச்சரிக்கை. 38, 40 மி.மீ. உயரம், குறுகிய அடி, இறக்கத்தில் ஒரு வளைவு, சாலை ஓரம் உடைந்திருக்கிறது: கணுக்கால் பிரளுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் உயரம் 30 மி.மீ. வாக்கில், அடி அகலமானதாகப் பார்த்து எடுங்கள்.

சுங்கான்கடை

ஒரு சந்தேகம் அண்ணே. இப்போதுள்ள ஷூவில் டிராப் 10 மி.மீ., இலகு ஷூ ஒன்று 4 மி.மீ. காட்டுகிறது. நேரடியாக மாறலாமா?

வடசேரி

மாறக் கூடாது தம்பி. டிராப் என்பது ஷூவின் குதிகால் பக்கத்துக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். அது குறைந்தால் கெண்டைக்காலும் குதிநரம்பும் கூடுதல் வேலை செய்யும், கூடினால் பாரம் முழங்காலுக்குப் போகும். முதல் வாரம் இரண்டு குறு ஓட்டம், 3 கி.மீ. வீதம். அதன்பின் வாரா வாரம் மொத்த தூரத்தில் பத்துப் பதினைந்து சதவீதமாகக் கூட்டு. காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் அடியில் குதிக்கு மேலே பிடித்தால் அந்த வாரம் பழைய ஷூவுக்கே திரும்பு. 8 மி.மீ. மாடல் கிடைத்தால் இந்தப் பாடே வேண்டாம்.

மண்டைக்காடு

கடற்கரைப் பக்கம் மணல்தான் எதிரி. மணவாளக்குறிச்சி தொட்டு இந்தக் கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான் எல்லாம் கலந்து கிடக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். அந்தப் பொடி, காற்றோட்டத்துக்காகப் பெரிய கண் விட்டு நெய்த இலகு ஷூவுக்குள் எளிதாக நுழைந்து, உள் அட்டைக்கு அடியில் தங்கி, ஒரு மணி நேரத்தில் ஒரு காலுக்கு ஐயாயிரம் தடவை பாதத்தையும் துணியையும் அறுக்கும். கடலோரச் சாலைக்கு நெருக்கமாக நெய்த மேல்துணி எடுங்கள். ஷூவுக்குள் விளக்கு வெளிச்சம் அடித்து வெளியே பாருங்கள், விரல் பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மணல் வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உள் அட்டையைக் கழற்றித் தட்டுங்கள்.

உப்புக்காற்றும் உப்புத் தண்ணீரும் பட்டால் நல்ல தண்ணீரில் அலசியே ஆகணும். காய்ந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், துணி விறைத்துப்போய்ச் சுண்டுவிரல் மடிப்பில் முதலில் கிழியும்.

ஆரல்வாய்மொழி

எங்கள் பக்கம் காற்றும் நெருஞ்சியும். நுரை வெளியே தெரியும் அடிப்பாகத்தில் முள் ஏறினால் உள்ளேயே ஒடிந்து நிற்கும், பின்னால் ஒருநாள் பாதத்துக்கு வரும். ஓடி முடித்ததும் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், வேறு வழி இல்லை.

மார்த்தாண்டம்

தலைப்புக் கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லையே மக்கா! ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. இரண்டையும் முழுசாக வாங்குகிற மாவட்டம் நம்முடையது. இங்கே காய்ந்த எடையைப் பார்த்து ஷூ வாங்குவது பாதிக் கணக்குத்தான்.

வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் போதும். காய்ந்த ஷூவை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, குதி கீழே இருக்கும்படி பிடித்துப் பத்துத் தடவை உதறி, இரண்டு நிமிடம் சாய்த்து வைத்து மறுபடி நிறுங்கள். நாக்கிலும் குதி விளிம்பிலும் பஞ்சு அடைத்த ஷூ தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெலிந்த நாக்கும் ஒற்றை அடுக்குத் துணியும் உள்ளது வடித்துவிடும். காய்ந்தபோது 20 கிராம் கூடுதலாக இருந்தது நனைந்தபின் இலகுவாக நிற்பதும் உண்டு. புது ஷூவைக் கடையில் முக்க முடியாது, ஆகவே பஞ்சைக் கிள்ளிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியதுதான். பருத்திக் காலுறை வேண்டாம், அதுவே தண்ணீர்ப்பை. பாலியெஸ்டர், நைலான் கலந்தது போடுங்கள். நீர்புகாத் துணி வைத்த மாடல் பனிநாட்டுக்குச் சரி. நம் மழை கணுக்கால் வழியாக உள்ளே இறங்கும், இறங்கியது வெளியே போக வழி இருக்காது.

காய வைப்பதில்தான் பாதி ஷூ சாகிறது. லேஸைத் தளர்த்தி, உள் அட்டையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி விரல் முனை வரை திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள், இரண்டு மூன்று தடவை மாற்றினால் மறுநாள் காலைக்கு அனேகமாகக் காய்ந்துவிடும். வாஷிங் மெஷின், அடுப்புத் திண்டு, கார் கண்ணாடிக்கு அடி, உச்சி வெயில் மொட்டைமாடி எதுவும் வேண்டாம். சூட்டில் நுரை சுருங்கும், பசை இளகி அடி பெயரும். ரப்பர் ஷீட் போடும் புகைப்புரையில் தொங்கவிட யோசிக்கிறவர்களும் இதை வாசித்துக்கொள்ளுங்கள்.

அடி பெயர்ந்தால் உடனடிப் பசை போடாதீர்கள். அது கெட்டியாகி, முன்பாதம் வளையும் இடத்தில் வெடிக்கும். வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் வகைப் பசை வாங்கி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, மெலிதாகப் பூசி, டப்பாவில் எழுதிய நேரம் காத்திருந்து அழுத்தி, சைக்கிள் டியூப் சுற்றி ஒரு நாள் விடுங்கள். நுரையைத் துளைத்துத் தைப்பது நடக்கும் ஷூவுக்குச் சரி, ஓடும் ஷூவில் அந்த ஓட்டை வழியாகவே கிழியும்.

கோட்டாறு

தள்ளுபடியில் வாங்குகிறவர்களுக்கு: பெட்டியில் எம்ஆர்பி ஒட்டியிருக்கும் இடத்தில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். மூன்று வருடம் கிடங்கில் கிடந்தது என்றால் எவ்வளவு மலிவு ஆனாலும் விடுங்கள், நுரை இறுகி பசை காய்ந்திருக்கும். பெட்டியில் உள்ள மாடல் குறியீடும் நாக்குக்குள் உள்ள குறியீடும் ஒன்றாக இல்லாவிட்டால் அது ஃபர்ஸ்ட் காப்பி என்கிற போலியாக இருக்கலாம்.

நடு நுரைக்குள் கார்பன் தகடு வைத்த ஷூவைத் தினப் பயிற்சிக்குப் போட வேண்டாம். உலக தடகள அமைப்பு 2020-இல் சாலைப் பந்தயத்துக்கு 40 மி.மீ. உயரமும் ஒரே ஒரு தகடும் என்று வரம்பு போட்டது. இந்த வகையில் பலவும் அந்த வரம்பை ஒட்டிப் பந்தயத்துக்காகச் செய்தவை. 2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பிய வீராங்கனை திக்ஸ்ட் அசெஃபா 2:11:53-இல் ஓடியபோது போட்டிருந்த அடிடாஸ் ஷூ 138 கிராம். ஒரு மாரத்தானுக்கும் அதற்கு முன் பழகிக்கொள்வதற்கும் என்றே விற்றார்கள். எடை எவ்வளவு குறைகிறதோ ஆயுளும் அவ்வளவு குறையும்.

வாரம் 40 கி.மீ. ஓடுகிறவருக்கு இரண்டு ஜோடி வசதி. நீள ஓட்டத்துக்கும் மெதுவான நாளுக்கும் 260 கிராம் வாக்கில் ஒன்று, வேக நாளுக்கு 220 வாக்கில் ஒன்று. ஒன்று காயும்போது மற்றொன்று ஓடும், மழைக்காலத்தில் இதற்காகவே இரண்டு வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் 250 கிராம், 8 மி.மீ. டிராப், குதியில் கெட்டி ரப்பர்.

சாதாரண நுரை 500 முதல் 800 கி.மீ. தாங்கும், இலகு வகைக்கு 500 பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். ஷூவை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பக்கவாட்டு நுரையில் நிறைய மடிப்புச் சுருக்கம் விழுந்தாலோ, ரப்பர் தேய்ந்து நுரை எட்டிப் பார்த்தாலோ நடைக்கு ஒதுக்கிவிடுங்கள். கிலோமீட்டர் மறந்துபோகும் என்பவர்கள் முதல் நாள் ஓடிய தேதியை நாக்கின் உள்பக்கம் அழியாத மார்க்கரால் எழுதி வையுங்கள், ஒவ்வொரு 100-க்கும் ஒரு கோடு.