வெளிநாட்டுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனப்ப உங்களை உறுத்துன ஒரு விஷயம் எது?

பாளை சரசு

மக ஸ்வீடன்ல, ஸ்டாக்ஹோம்ல இருக்கா, கிஸ்தா பக்கம். பேரனோட விளையாட அவன் கிளாஸ் பையன் ஒருத்தன் வந்திருந்தான். சாயங்காலம் அஞ்சரை இருக்கும். நான் தோசை ஊத்திட்டிருக்கேன், பேரன் வந்து உக்காந்துட்டான். அந்தப் பிள்ளை ரூம் தரையிலயே லெகோவை அடுக்கிட்டிருக்கு. நீயும் வாப்பான்னு கையைக் காட்டப் போனேன். மக என் கையைப் பிடிச்சு இறக்கிட்டா. "அம்மா, அவங்க வீட்ல சமைச்சு வச்சிருப்பாங்க. கேக்காமக் குடுக்கக் கூடாது"ங்கா. அந்த அம்மாவுக்கு மெசேஜ் போட்டா. வீட்ல வந்து சாப்பிடட்டும்னு பதில் வந்துட்டு.

பேரன் ரெண்டாவது தோசைக்குத் தட்டை நீட்டுதான். தேங்காச் சட்னி தாளிச்ச வாசம் அந்த ரூம் வரைக்கும் போகுது. பையன் ஒரு தடவை கதவு வழியா எட்டிப் பாத்துட்டு மறுபடி குனிஞ்சுட்டான். அடுத்த தோசை கருகிப் போனதுகூட எனக்குத் தெரியல.

அல்வாவும் கொண்டு போயிருந்தேன். வியாழக்கிழமை பிரிச்சா பேரன் கேக்கான், "ஆச்சி, இன்னைக்கு சனிக்கிழமையா?" இனிப்பு சனிக்கிழமை மட்டுந்தானாம்.

மன்னை மைனர்

சிங்கப்பூர், தேக்கா ஹாக்கர் சென்டர். வரிசையா சாப்பாட்டுக் கடைங்க, நடுவுல பொதுவா மேசைங்க. மாமா பொண்ணு மேசை மேல ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வச்சிட்டு சாப்பாடு வாங்க வரிசைக்குப் போயிட்டா. அவ்வளவு கூட்டத்துல ஒருத்தரும் அந்த மேசையைத் தொடல. நம்ம ஊர்ல பஸ் ஜன்னல்ல துண்டு போடுறதுதான், ஆனா துண்டைத் தூக்கி எறிய அங்க ஆளில்லை.

எனக்கு நிக்கிறது அது இல்ல. சாப்பிட்டு முடிச்சதும் தட்டை நாமளே எடுத்துட்டுப் போய் அடுக்குல வைக்கணும், 2021-லேர்ந்து கட்டாயம். வைக்காமப் போனா முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் அபராதம். எங்கப்பா எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டார். "விருந்துக்குக் கூட்டிட்டு வந்து எச்சித் தட்டைத் தூக்கச் சொல்றியா?" மாமா பொண்ணு ஒண்ணும் பேசல. அவர் தட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டா. அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

வடதுருவத் தமிழன்

சரசு அம்மா, இதைப் படிச்சிட்டு 'சோறு போடாத நாடு'ன்னு எல்லாரும் கிளம்பிடுவாங்க. 2022-ல இணையத்துல இதே விஷயத்தை வச்சுத்தான் உலகமே ஸ்வீடனைக் கலாய்ச்சுது. நான் கோத்தன்பர்க்ல குடியிருக்கேன், அதனால சொல்றேன். இங்க பள்ளிக்கூடத்துல மதியம் சூடான சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். அந்தப் பையன் பசியோட வந்திருக்க மாட்டான். ராத்திரிச் சாப்பாடு சீக்கிரமே, குடும்பமா உக்காந்து சாப்பிடுறது. நீங்க வயித்தை நிரப்பி அனுப்பிட்டா அங்க அவங்க சமைச்சது வீண். போதாததுக்கு அலர்ஜி. முந்திரி அரைச்சுப் போட்ட ஏதாவதைக் குடுத்து பிள்ளைக்கு மூச்சு முட்டினா யார் பொறுப்பு?

அந்த சனிக்கிழமை இனிப்புக்குப் பின்னாடி ஒரு கொடுமை இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. 1940-கள்ல லுண்ட் ஊர்ல வீப்பெஹோல்ம்னு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்கான ஒரு மருத்துவமனை. அங்க இருந்த நோயாளிகளுக்கு வேணும்னே பல்லுல ஒட்டுற டாஃபியைக் குடுத்து சொத்தை விழுதான்னு ஆராய்ச்சி பண்ணினாங்க. நிறைய பேர் பல்லு நாசமாப் போச்சு. சர்க்கரையாலதான் சொத்தைன்னு அதுல தெளிவாச்சு, அப்புறம்தான் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் இனிப்புங்கிற பேச்சே வந்துது. உங்க பேரன் கேட்ட கேள்விக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு.

என் அனுபவம்னா, ஊர்லேர்ந்து வந்த அப்பா பஸ் ஸ்டாப்புல ஆளுக்கு ஆள் அத்தனை தள்ளி நிக்கிறதைப் பாத்துட்டு, "இவங்களுக்குள்ள ஏதும் தகராறாடா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான்.

பாளை சரசு

அலர்ஜி எல்லாம் சரிதான் தம்பி. நான் அந்த ஊரைக் குத்தம் சொல்லவே இல்லையே. என் மக என் கையைப் பிடிச்சு இறக்குனாளே, அதைத்தான் சொன்னேன்.

கோண்டாவிலான்

சுவிஸில பேர்ண் பக்கம் அக்கா வீட்டை போனனான். அடுக்குமாடி, முழுக் கட்டடத்துக்கும் நிலவறையில ஒரு உடுப்புத் தோய்க்கிற மெசின். ஒவ்வொரு வீட்டுக்கும் முறை இருக்கு, அண்டைக்குத்தான் தோய்க்கலாம். ஞாயிறு தொடவே ஏலாது. பயணத்தால வந்த ஊத்தை உடுப்போட நான் நிக்கிறன், "எங்கட முறை செவ்வாய்தான், அதுவரைக்கும் குளியலறையில கையால தோய்" எண்டு அக்கா சொல்லிப்போட்டா.

செவ்வாய் இரவு கீழ இறங்கிப் பாத்தா, அக்கா முழங்காலில இருந்து மெசினுக்குள்ள தலையை விட்டு, கதவு ரப்பரின்ர மடிப்பை விரலால விரிச்சு விரிச்சுத் துடைக்கிறா. ஒரு மயிர் கிடந்தாலும் மேல்வீட்டு மனிசி கடதாசி எழுதி ஒட்டிப்போடுமாம். ஊரில ஐயாவுக்கே பயப்பிடாத ஆள் அவ. "விடு அக்கா" எண்டன். "நீ போயிடுவாய், நான் இஞ்சதான் இருக்கோணும்" எண்டா.

பென்ஷன் பெரியசாமி

நியூ ஜெர்சியில மகன் வீட்ல கடுகு தாளிச்சதும் புகை அலாரம் அலற ஆரம்பிச்சு, மருமக துண்டை எடுத்து அதுக்குக் கீழ நின்னு விசிறினா. அது கிடக்கட்டும். போகப் போறவங்க சிலதைத் தெரிஞ்சுக்கணும். ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேணும். 180 நாளுக்குள்ள 90 நாள்தான் தங்கலாம், மகன் வீடுதானேன்னு கூட ஒரு நாள் இருந்துடாதீங்க. நெய் பாட்டில் கொண்டு போகாதீங்க, பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள விடமாட்டாங்க. அமெரிக்கான்னா, பத்து வருஷ விசா இருக்குன்னு நம்பாதீங்க. இறங்குறப்ப குடியேற்ற அதிகாரி குடுக்கிற தேதிதான் கணக்கு. சுகர், பிரஷர் மாத்திரையைப் பெட்டியில போடாம கைப்பையில வச்சுக்குங்க, டாக்டர் சீட்டோட. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு இன்ஷூரன்ஸ்ல பணம் வருமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே படிச்சிருங்க. யாரும் படிக்கிறதில்லை.

கோபி வாத்தியார்

அய்யா, இங்க இன்ஷூரன்ஸ் யாருங்க கேட்டாங்க?

டெக்சாஸ், ஃப்ரிஸ்கோ. சித்தப்பா பையன் வீட்ல தங்கியிருந்தேன். ஒண்ணுவிட்ட அக்கா வீடு பக்கத்துலதான், ஆறு மணிக்கு விருந்துக்கு வரச் சொல்லியிருந்தாங்க. கொஞ்சம் முன்னாடியே போய்ச் சேந்துட்டோம். தம்பி வண்டியை எதிர்ல நிறுத்திட்டு ஏசியைப் போட்டுட்டு உக்காந்துட்டான். "இறங்குடா"ன்னா, "ஆறாகட்டும்ணா"ங்கறான். ஜன்னல் வழியா அக்கா தட்டு எடுத்து வைக்கறது தெரியுது. அவங்களும் எங்களைப் பாத்துட்டாங்க. கையாட்டினாங்க, நாங்களும் ஆட்டினோம். அதோட அவங்க தட்டு அடுக்கப் போயிட்டாங்க, நாங்க வண்டியிலயே இருந்தோம்.

ஆறடிச்சதும் போய் மணியை அழுத்தினோம். அக்கா கதவைத் திறந்துட்டு, "வாங்க வாங்க, இப்பத்தான் வர்றீங்களா?"ன்னாங்க.