க்ளூவைன் ஸ்லோ குக்கரில் கசக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

ஜெர்மனி க்ளூவைன் (மசாலா போட்டுச் சூடாக்கிய வைன்) செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர் (குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரம்). இனிப்பில்லாத ரெட் வைன் 750 மி.லி. பாட்டில் 2, சர்க்கரை 100 கிராம், பட்டை 2 துண்டு, கிராம்பு 6, அன்னாசிப்பூ 2, வட்டமாக நறுக்கிய ஆரஞ்சு 1. எல்லாம் முழு மசாலாதான். பொடி போட்டால் கலங்கி அடியில் மண்டி தங்கும்.

மூடி போட்டு ‘லோ’வில் 70 டிகிரி வந்ததும் ‘வார்ம்’முக்கு மாற்றுகிறேன். வைனில் உள்ள ஆல்கஹாலான எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரி என்பதால் கொதிக்க விடுவதே இல்லை. முதல் மணி நேரம் அருமை. மூன்றாவதில் கசப்பு ஏறிவிடுகிறது.

சந்தேகம் ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதி மீதுதான். மேல்தோலை மட்டும் சீவிப் போட்டு, சாற்றைத் தனியாகச் சேர்த்தால் போதுமா? இல்லை, கிராம்பையும் துணியில் முடிந்து பாதியில் எடுத்துவிட வேண்டுமா? சர்க்கரையைக் கூட்டச் சொல்லாதீர்கள், கசப்பு மறையுமே தவிரப் போகாது.