நெருக்கமான பேஸ்பால் ஆட்டத்தில் மாற்றுப் பந்துவீச்சாளரான ரிலீவரை இறக்கிய கணமும் இறக்காத கணமும்: அனுபவப் பகிர்வு

வதனி, டொராண்டோ

2016 அக்டோபர் 4 இரவு ரோஜர்ஸ் சென்டரில் இருந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்பதால் முன்கதையை விட்டுவிடுகிறேன். பால்டிமோர் ஓரியோல்ஸுக்கும் நம்முடைய ப்ளூ ஜேஸுக்கும் நடந்த வைல்டு கார்டு ஆட்டம், தோற்றவர் வீடு திரும்ப வேண்டிய ஒற்றை ஆட்டம், 2-2 என்று சமநிலையில் 11ஆவது இன்னிங்ஸில் நாம் மட்டை பிடிக்கும் பின்பாதிக்கு வந்து நின்றது. வென்றது நாம்தான். ஆனாலும் எதிரணி மேனேஜர் பக் ஷோவால்டர் அன்று செய்யாமல் விட்ட ஒன்று இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அந்தப் பருவத்தில் ஓரியோல்ஸின் குளோசரான (கடைசி இன்னிங்ஸில் வந்து முன்னிலையைக் காக்கும் ரிலீவரான) ஸாக் பிரிட்டனுக்கு 47 சேவ் வாய்ப்புகள் வந்தன. 47இலும் அவர் வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி 0.54. அப்படிப்பட்டவர், ரிலீவர்கள் தயாராகும் இடமான புல்பென்னில் இருக்க, மற்ற ரிலீவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். 11இல் ஓர் அவுட் விழுந்த பிறகு, வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கி வீசுகிற உபால்டோ ஹிமெனெஸ் வந்தார். டெவன் டிராவிஸ் அடித்து முதல் பேஸை அடைந்தார். ஜாஷ் டொனால்ட்சனும் அடித்ததும் முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள் நின்றார்கள்.

என் நினைவு நிற்பது அந்த இடத்தில்தான். எட்வின் என்கார்னாசியோன் மட்டையோடு நடந்து வருகிறார். எங்கள் வரிசையில் எல்லோரும் எழுந்து கத்துகிறார்கள். நான் மட்டும், இதோ புல்பென் கதவு திறக்கும், பிரிட்டன் ஓடி வருவார் என்று வெளித்திடல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரிட்டனின் சிங்கரை (கடைசியில் கீழிறங்கும் பந்தை) அடிப்பவர்கள் பெரும்பாலும் தரையோடுதான் அடிப்பார்கள். தரையோடு வரும் ஒரு பந்து சரியான கைக்குப் போனால் இரண்டு பேரை ஒருசேர வெளியேற்றி இன்னிங்ஸையே முடித்துவிடலாம். கதவு திறக்கவில்லை. என்கார்னாசியோனுக்கு ஹிமெனெஸ் வீசிய முதல் பந்தே இடப்பக்க மேல்தட்டுப் பார்வையாளர்களுக்கு நடுவே போய் விழுந்தது. 5-2.

வெளியூர் அணியின் மேனேஜர், முன்னிலை கிடைத்த பிறகு இறக்குவதற்கென்று குளோசரை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். ஆனால் 11இன் பின்பாதியில் ஒரு ரன் போனாலே எல்லாம் முடிந்துவிடும் என்னும்போது, இன்னும் வராத முன்னிலைக்காக ஆளைக் காத்து வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

இளங்கோ, டாலஸ்

வதனி அவர்கள் எழுதியது இறக்காமல் விட்ட கதை. ஆர்லிங்டனில் நான் கண்டது, இறக்கவே தேவையில்லாத நேரத்தில் இறக்கிய கதை.

2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், அக்டோபர் 27. கொரோனா காலக் கட்டுப்பாட்டால் குளோப் லைஃப் ஃபீல்டில் இருக்கைகள் பெரும்பாலும் காலியாக இருந்தன. டாம்பா பே ரேஸ் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. அவர்களின் பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல் ஐந்து இன்னிங்ஸ் தாண்டி 73 பந்துகள்தான் வீசியிருந்தார். ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் செய்து, அதாவது பந்தை அடிக்கவிடாமலே, வெளியேற்றியிருந்தார். டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களான பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அதுவரை அவரை ஆறு முறை சந்தித்து, ஆறு முறையும் ஸ்டிரைக் அவுட் ஆகியிருந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸில் ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸை அடைந்தார். உடனே மேனேஜர் கெவின் கேஷ் படியேறி வெளியே வந்தார்.

மேனேஜர் வருவதைக் கண்டதும் ஸ்னெல் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் என் கண்ணை விட்டு அகலவில்லை. பேச வருகிறார், கேட்டுவிட்டுத் திரும்புவார் என்றுதான் என்னைச் சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். கேஷ் பந்தை வாங்கிக்கொண்டார். நிக் ஆண்டர்சன் வந்தார். முந்தைய ஆட்டங்களிலும் அவர் தொடர்ந்து ரன் கொடுத்து வந்திருந்தார். பெட்ஸ் டபுள் அடித்து இரண்டாவது பேஸை அடைந்தார், ஒரு பந்து தவறிப் போனதில் பார்ன்ஸ் ரன் எடுத்தார், சீகர் தரையோடு அடித்த பந்தில் பெட்ஸ் ரன் எடுத்தார். 2-1. கடைசியில் 3-1, 1988க்குப் பிறகு டாட்ஜர்ஸுக்கு முதல் பட்டம்.

ஒரு பிட்சரை அதே பேட்டர்கள் மூன்றாம் முறை சந்திக்கும்போது அவரை நன்றாக அடிக்கத் தொடங்குகிறார்கள் என்பது பல ஆண்டுக் கணக்குகள் சொல்லும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எல்லாப் பிட்சர்களையும் சேர்த்து எடுத்த சராசரி. அன்று பிட்சர் மேட்டில் நின்றவர் அந்தச் சராசரிக்குள் அடங்குபவராக எனக்குத் தோன்றவில்லை. அதே இரவில் எதிர்ப்பக்கம் டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குளோசர் கென்லி ஜேன்சனை அழைக்காமல், நன்றாக வீசிக்கொண்டிருந்த ஹூலியோ உரியாஸிடமே கடைசி ஏழு அவுட்களையும் ஒப்படைத்தார்.

சந்திரன், கிளீவ்லாந்து

என் அனுபவம் சிறியது. 2016 நவம்பர் 2, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், எங்கள் ஊர். எட்டாவது இன்னிங்ஸில் சிகாகோ கப்ஸ் 6-4 என்று முன்னிலையில் இருக்க, ரஜாய் டேவிஸ் மட்டையின் பிடியை நன்றாக மேலேற்றிப் பிடித்துக்கொண்டு கப்ஸின் குளோசர் அரோல்டிஸ் சாப்மனை எதிர்கொண்டார். பந்து இடதுபுறச் சுவரைத் தாண்டியது, 6-6. மழையால் 17 நிமிடம் நின்று, 10ஆவது இன்னிங்ஸில் நாங்கள் 8-7 என்று தோற்றோம். ஆனால் அந்த ஹோம் ரனுக்கான விதை முந்தைய இரவே விழுந்துவிட்டது. ஆறாவது ஆட்டத்தில் கப்ஸ் 7-2 என்று முன்னிலையில் இருந்தபோதே அதன் மேனேஜர் ஜோ மேடன் ஏழாவது இன்னிங்ஸில் சாப்மனை இறக்கினார். அதற்கு முந்தைய ஐந்தாவது ஆட்டத்தில் சாப்மன் எட்டு அவுட்கள் எடுத்து 42 பந்துகள் வீசியிருந்தார். ஏழாவது ஆட்டத்தில் வழக்கமான வேகம் அவர் கையில் இல்லை. ஆட்டக் குறிப்பில் அன்றைய வெற்றி சாப்மன் பெயரிலேயே பதிவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இளங்கோ அவர்களுக்கு ஒரு மறுப்பு. முடிவு தெரிந்த பிறகு முடிவெடுத்தவரைக் குறை சொல்வது எளிது. ஸ்னெல் அந்தப் பருவத்தில் எந்த ஆட்டத்திலும் ஆறு இன்னிங்ஸ் முழுமையாக முடித்ததில்லை. ரேஸ் அணி அந்த இரவுவரை வந்து சேர்ந்ததே பிட்சர்களைச் சீக்கிரம் மாற்றும் முறையால்தான். ஆண்டர்சனைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மாற்றியதே தவறு என்பதை ஏற்க முடியவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கும் புதியவர்களுக்குச் சில வார்த்தைகள். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டியதாகத் தோன்றுகிறது. நெருக்கமான ஆட்டத்தில் எந்த இன்னிங்ஸ் என்று பார்க்காதீர்கள். அடுத்து மட்டை பிடிக்கப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். எதிரணியின் இரண்டு, மூன்று, நான்காவது பேட்டர்கள் எட்டாவது இன்னிங்ஸில் வந்தால், உண்மையான ஒன்பதாவது இன்னிங்ஸ் அதுதான். டி20 கிரிக்கெட்டில் கேப்டன் தன் சிறந்த பந்துவீச்சாளரின் நான்கு ஓவர்களைப் பிரித்து வைத்து வேண்டியபோது மறுபடி அழைக்க முடியும். பேஸ்பாலிலோ வெளியே எடுத்தவர் அன்று திரும்பி வர முடியாது. அதனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கதவை நிரந்தரமாக மூடுகிறது. 2020 முதல், வருகிற ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. முன்பு இடதுகை பேட்டர் ஒருவருக்காக மட்டும் ஓர் இடதுகை பிட்சரை அழைத்து உடனே அனுப்பிவிடுவார்கள். இப்போது மேனேஜர் அவருக்குப் பின்னால் வரும் இரண்டு வலதுகை பேட்டர்களையும் எண்ணிப் பார்த்தே புல்பென்னை அழைக்கத் தொலைபேசியை எடுக்க வேண்டும். முந்தைய இரண்டு நாள்களில் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்பதை ஆட்டம் தொடங்குமுன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்தால், ஏன் இவரை அழைக்கவில்லை என்று நாம் கத்தும் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

குளோசர் ஒன்பதாவது இன்னிங்ஸோடு கட்டப்பட்டதற்கு சேவ் என்ற கணக்கும் ஒரு காரணம். 1969இல் அது அதிகாரப்பூர்வமானது. மூன்று ரன்களுக்கு மிகாத முன்னிலையில் வந்து கடைசி இன்னிங்ஸை முடித்தால் ஒரு சேவ். 1980களின் இறுதியில் ஓக்லாந்தில் டோனி லா ரூசா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் கடைசி ஒரு இன்னிங்ஸுக்கென்றே வைத்துக்கொண்டு வென்றபோது மற்ற அணிகளும் அதைப் பின்பற்றின. பிறகு சம்பளப் பேச்சுகளிலும் சேவ் எண்ணிக்கை ஏறியது. அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டியவர் அப்போது எங்கள் மேனேஜராக இருந்த டெரி ஃபிரான்கோனா. 2016 பிளேஆஃப்பில் ரெட் சாக்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். அடுத்த சுற்றில் தொடர் நாயகன் விருது மில்லருக்குத்தான் கிடைத்தது.

முத்துலட்சுமி, நியூ ஜெர்சி

மேனேஜர் அழைக்காமல் இருப்பதற்கு, பார்வையாளர்களுக்குத் தெரியாத ஒரு காரணமும் இருக்கக்கூடும். அதைப் பெரிய மைதானத்தில் நான் காணவில்லை. என் மகன் விளையாடும் லிட்டில் லீக் ஆட்டத்தில் கண்டேன்.

அங்கே 11, 12 வயதுப் பிள்ளைகள் ஒரே நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். ஆனால் வேலியோரம் நின்று தயாராவதற்காக வீசும் பந்துகள் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஒரு ரன் வித்தியாசத்தில் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், எதிரணிப் பயிற்சியாளர் ஒரு பையனை எழுப்பி வீசச் சொன்னார், உட்கார வைத்தார், மறுபடி எழுப்பினார், மறுபடி உட்கார வைத்தார். நான் அந்த வேலிக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தேன். முதலில் அவன் பந்து கேட்சரின் கையுறையில் பளீரென்று அறைந்தது. கடைசியாக எழுந்தபோது அந்தச் சத்தமே இல்லை, ஒவ்வொரு பந்துக்கும் இடையில் கையை உதறிக்கொண்டான். ஆட்டத்துக்குள் அழைக்கப்பட்டபோது நிறையப் பேர் கைதட்டினார்கள். முதல் இரண்டு பேட்டர்களுக்கு ஒரு ஸ்டிரைக்கும் விழவில்லை. அவன் பயந்துவிட்டான் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அவன் பயப்படவில்லை, அவன் கை ஏற்கெனவே ஓர் ஆட்டம் ஆடி முடித்திருந்தது.

பெரியவர்களின் ஆட்டத்திலும் புல்பென்னில் எழுந்து எழுந்து அமர்வதற்கு விலை உண்டு. தொலைக்காட்சித் திரையில் வரும் பந்து எண்ணிக்கையில் அது தெரிவதில்லை. வதனி, பிரிட்டன் அன்று எத்தனை முறை எழுந்தார் என்பதையும் கவனித்தீர்களா?

சுந்தரேசன், பாஸ்டன்

2003 அக்டோபர் 16. அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம், யாங்கி ஸ்டேடியம். பல்கலைக்கழக விடுதியின் பொது அறையில் இடமில்லாமல் நின்றுகொண்டே பார்த்தோம். எட்டாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5-2 என்று முன்னிலை. யாங்கீஸின் ஜீட்டர் டபுள், வில்லியம்ஸ் சிங்கிள், 5-3. ரெட் சாக்ஸ் மேனேஜர் கிரேடி லிட்டில் மேட்டுக்கு நடந்தார். அவருடைய பிட்சர் பெட்ரோ மார்டினெஸ் அதற்குள் 115 பந்துகள் வீசிவிட்டார். புல்பென்னில் டிம்லினும் எம்பிரியும் இருந்தார்கள். அந்த அக்டோபர் முழுவதும் இருவரும் அருமையாக வீசியிருந்தார்கள். லிட்டில் ஏதோ கேட்டார், பெட்ரோ பதில் சொன்னார், லிட்டில் தனியாகத் திரும்பி நடந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் அறையில் ஒருவர் தொலைக்காட்சியை நோக்கி, "வேண்டாம், திரும்பிப் போ!" என்று உரக்கக் கத்தினார். மாட்சுயி டபுள், பொசாடா டபுள், 5-5.

இளங்கோ தம்பி, ஸ்னெல்லை எடுத்ததற்குக் கேஷைக் குறை சொல்கிறீர்கள். பெட்ரோவை எடுக்காததற்கு இந்த ஊர் லிட்டிலைக் குறை சொன்னது, அவருடைய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. தன் பிட்சரின் சொல்லை நம்பியவருக்கு இந்த ஆட்டத்தில் என்ன நேர்ந்தது என்பதைப் பின்னால் வந்த மேனேஜர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அதே ஆட்டத்தில் யாங்கீஸ் மேனேஜர் ஜோ டோரி செய்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சமநிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸிலேயே குளோசர் மரியானோ ரிவேராவை இறக்கி, மூன்று இன்னிங்ஸ் வீச வைத்தார். 11இல் ஆரன் பூன் அடித்த ஹோம் ரனோடு ஆட்டம் முடிந்ததும் ரிவேரா மேட்டுக்கு ஓடிப் போய் மண்ணில் விழுந்து அழுதார். வதனி கேட்ட கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது. சொந்த ஊர் அணிக்கு ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்கோர் சமமாகிவிட்டால் அதன்பின் சேவ் என்ற வாய்ப்பே கிடையாது, ஏனென்றால் முன்னிலை பெற்ற கணத்தில் ஆட்டம் முடிந்துவிடும். எனவே டோரிக்குக் காத்து வைக்க ஒன்றுமில்லை. வெளியூர் அணியின் மேனேஜருக்குத்தான் அந்தக் காத்திருப்பு வருகிறது.

வதனி, டொராண்டோ

முத்துலட்சுமி அக்கா, பிரிட்டன் எழுந்து வீசியதைப் பார்த்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. நீங்கள் சொன்னது நியாயமே. ஆனால் தயாராவதிலேயே அவர் கை களைத்தது என்றால், அவரை ஒன்பதாவது அல்லது பத்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கியிருக்க வேண்டும் என்பதற்கு அது இன்னும் வலுவான காரணமாகிறது.

சந்திரன் அவர்களின் அறிவுரை 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்துக்கு மிகப் பொருத்தம். நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் கைகளைப் பகிர்ந்து வைக்க வேண்டியது அங்கே மேனேஜரின் கடமை. ஷோவால்டருக்கு அன்று இரவு நாளை என்ற ஒன்று இல்லை. சுந்தரேசன் ஐயா சொன்ன வெளியூர், உள்ளூர் வேறுபாடு அவர் செய்ததை விளக்குகிறது. சரி என்று ஆக்கிவிடவில்லை.

2024 அக்டோபர் 25 அன்று டாட்ஜர் ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் யாரேனும் எழுதுங்கள். 10ஆவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 3-2 என்று முன்னிலையில் இருக்க, காயத்தால் ஒரு மாதத்துக்கும் மேலாக எந்த ஆட்டத்திலும் வீசாத நெஸ்டர் கோர்டெஸை மேனேஜர் ஆரன் பூன் அழைத்தார். டிம் ஹில்லும் புல்பென்னில் தயாராகத்தான் இருந்தார். கோர்டெஸ் ஓடானியை ஒரே பந்தில் வெளியேற்றினார், பெட்ஸுக்கு வேண்டுமென்றே வாக் (அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்புவது) கொடுக்கப்பட்டது, ஃப்ரெடி ஃப்ரீமன் முதல் பந்தையே கிராண்ட் ஸ்லாமாக, அதாவது நான்கு ரன் தரும் ஹோம் ரனாக, அடித்தார். ஹில் அப்போது வீசிக்கொண்டிருந்தாரா, உட்கார்ந்துவிட்டாரா என்பதை அங்கிருந்து பார்த்தவர்கள் சொல்லக் கேட்க விரும்புகிறேன்.