சின்சேயிடம் (சீனப் பாரம்பரிய மருத்துவரிடம்) சென்று வந்தவர்கள் எழுதுங்கள்

ஈப்போ வாசகர்:
மழைக்காலம் முழுவதும் வறட்டு இருமல் விடாமல் இருந்ததால், உடன் பணிபுரியும் சீன நண்பர் என்னைத் தம் குடும்பத்துச் சின்சேயிடம் அழைத்துச் சென்றார். சின்சே எதையும் விசாரிக்கவில்லை. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, ஒவ்வொன்றாக அழுத்தித் தளர்த்தி, மறு கையையும் பார்த்துவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, "விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தானே இருமல் எழுப்புகிறது?" என்றார். உண்மை அதுதான். மருந்தால் தணிந்ததோ, தானாகவே தணிந்ததோ, அந்தக் கேள்வி மட்டும் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

கிள்ளான் வாசகர்:
நாடி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. சீன மருத்துவம் ஒரு நாளைப் பன்னிரண்டு கூறுகளாக்கி ஒவ்வொன்றையும் ஓர் உறுப்புக்கு ஒதுக்குகிறது; அதில் 3 மணி முதல் 5 மணி வரை நுரையீரலுக்குரிய நேரம். இருமிக்கொண்டு வருபவர் யாராக இருந்தாலும் அக்கேள்வியைக் கேட்கலாம். ஆஸ்துமா பின்னிரவில் மிகும் என்பதை ஆங்கில மருத்துவமும் அறியும். என் அனுபவம் சிறியது: டுரியான் தின்று தொண்டை கட்டிப்போன என்னை, சூட்டைத் தணிக்கக் கூடவே மங்குஸ்தீன் தின்னத் தெரியாதா என்று மருந்துக் கடை அம்மா திட்டியபடியே கசப்புத் தேநீரை நீட்டினார்.

சிங்கப்பூர் வாசகி:
நீங்கள் இருவரும் நாடியைப் பற்றி வாதிடுகிறீர்கள். எனக்கோ வாஷ்பேசினில் அம்மா துப்பிய ரத்தம்தான் கண்ணில் நிற்கிறது. இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த அவருக்கு, பக்கத்து வீட்டு ஆன்ட்டி அன்போடு டாங் குய் என்னும் சீன மூலிகை வேர் போட்ட சூப் கொடுத்து வந்திருக்கிறார். அந்த வேர் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டக்கூடியது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: எந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதைச் சின்சேயிடமும், எந்த மூலிகை குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். சீனக் கஷாயங்கள் பலவற்றில் சேரும் அதிமதுரம், அளவு மீறி நெடுநாள் உட்கொண்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால் அழுத்தக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டே செல்லுங்கள். பெயர் ஒட்டாத பொடி எதையும் வாங்க வேண்டாம்.

மற்றொரு சிங்கப்பூர் வாசகர்:
அம்மையார் சொல்வது சரிதான். ஆயினும் எல்லாச் சின்சேக்களையும் சந்தேகிப்பது நியாயமன்று. இனம் பாராமல் இலவசமாக மருத்துவம் பார்க்க 1867இல் தொடங்கப்பட்ட தொங் சாய் மருத்துவ நிலையத்துக்கு என் தந்தையார் முழங்கால் வலிக்காகச் செல்வார். மூன்று கிண்ணம் நீர் ஒரு கிண்ணத்துக்கும் குறைவாகச் சுண்ட வேண்டும் என்று சொல்லியனுப்பியதைக் கேட்டு, நம் கஷாயமும் இப்படித்தானே என்று மகிழ்ந்து, அலுமினியப் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு மண்சட்டியில்தான் காய்ச்சுவார். வலி குறைந்தது. ஆனால் அந்த மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை எங்கள் வீட்டில் எவராலும் படிக்க முடிந்ததில்லை.