ஈசல் வறுத்தது இளைப்புக்கு நல்லதா? பையனுக்குக் கொடுக்கலாமா?

தர்மபுரி மருமகள்:
வணக்கம். டவுன்ல வளந்தவ நான், இந்த வருஷந்தான் மாமியார் ஊருக்கு குடி வந்தோம். முந்தாநாள் மழை விட்டதும் புத்துல இருந்து ஈசல் கெளம்பிச்சு, அத்தை ஒரு படிக்கு மேல புடிச்சு வறுத்து வச்சிருக்காங்க, நானும் ஒரு கை தின்னேன், நெஜமாவே ருசி. பையனுக்கு ஆறு வயசு, இளைப்பு இருக்கு, இன்ஹேலர் போயிட்டிருக்கு. ஈசல் தின்னா இளைப்பு நின்னுடும், மருந்தெல்லாம் எதுக்குங்கறாங்க. கொடுக்கலாமா? போன வருஷம் இறால் தின்னப்ப அவனுக்கு ஒதடு வீங்குச்சு, அது வேற விஷயம்.

புத்துமண்:
எங்க வீட்லயும் வருஷா வருஷம் உண்டுங்க. எண்ணெய் ஊத்தாம வெறும் சட்டியில வறுக்கணும், இறக்கை பொசுங்கினதும் கையால கசக்கி மொறத்துல பொடைச்சா இறக்கையெல்லாம் காத்துல போயிடும், ஒடம்பு மட்டும் பளபளன்னு நிக்கும். அதோட பொரியரிசி, வறுத்த காராமணி, உப்பு, மொளகாத்தூள். கொழுப்பு ஜாஸ்திங்கறதால வெறும் ஈசலா அள்ளித் தின்னா வயிறு போகும், பொரியரிசி கலக்கறதே அதுக்குத்தான். பூச்சி மருந்து அடிச்ச கொல்லையில புடிச்சது மட்டும் வேணாம்.

ஒடிசா வாசி:
அகநானூறு 394ம் பாட்டுலயே வரகரிசி, தயிரோட ஈசல் போட்டு ஆக்குன புளிப்புச் சோறு வருது, அவ்ளோ பழைய சாப்பாடு நம்மளது. நான் இருக்கற ஒடிசால மயூர்பஞ்ச் பக்கம், நம்மூர்ல முசுறுன்னு சொல்றோமே அந்த செவப்பு எறும்ப இஞ்சி, பூண்டு, பச்சமொளகாயோட அரைச்சு சட்னி பண்றாங்க, புளியே வேணாம், எறும்போட புளிப்பே போதும். 2024ல புவிசார் குறியீடும் கெடச்சுது. சளி இருமலுக்கு நல்லதுன்னுதான் இங்கயும் திங்கறாங்க, அதுக்காக யாரும் டாக்டர் குடுத்த மருந்த நிறுத்திடறதில்ல.

இரவுப்பணி நர்ஸ்:
இறால் வேற விஷயம் இல்லம்மா, அதுதான் விஷயமே. இறால், நண்டு, ஈசல் எல்லாம் கணுக்காலி இனம், ட்ரோபோமயோசின்னு அலர்ஜி கெளப்பற ஒரு புரதம் எல்லாத்துலயும் இருக்கு, வறுத்தாலும் போகாது. இறாலுக்கு வீங்குன ஒடம்பு ஈசலுக்கும் வீங்கலாம், இளைப்பு இருக்கற புள்ளைக்கு அது மூச்சுலயே கொண்டுபோய் விடும். அவனுக்கு ஒண்ணு கூட வேணாம், இன்ஹேலர நிறுத்தவே நிறுத்தாதீங்க, இறால் விஷயத்த டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

தர்மபுரி மருமகள்:
படிச்சதும் டப்பாவ எடுத்து மேல வச்சுட்டேன். ஒதடு வீங்குன கதை அத்தைக்குத் தெரியவே தெரியாது, சொன்னதும் அவங்க மொகமே மாறிடுச்சு. இப்ப வேற சட்டி வச்சு பேரனுக்குத் தனியா பொரியரிசி வறுத்துட்டு இருக்காங்க.